அறுவையின் கதை – 23: குறைவாக, முன்னதாக

சென்ற இதழில் சர்ஜன் ஹால்ஸ்டெட்டோடு பால்டிமோரில் இருந்தோம். மார்பகப் புற்றென்றால் மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிட வேண்டும் என்ற அவருடைய வாதம் 1890களில் அமெரிக்க சர்ஜன்களை ஆட்கொண்டிருந்தது. அதே வாதம் மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியபோது என்ன நடந்தது என்று இப்போது பார்ப்போம்.

கழுத்து, சர்ஜன் கையை வீசி வேலை செய்யக்கூடிய இடமல்ல. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கேரோடிட் தமனி, மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் உள் கழுத்துச் சிரை, குரல்வளைக்கும் இதயத்துக்கும் கிளை விடும் வேகஸ் நரம்பு மூன்றும் ஒரே உறைக்குள் ஒட்டி ஓடுகின்றன. அவற்றின் மேல் ஒரு பட்டைத் தசை, காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புவரை சாய்ந்து இறங்குகிறது. தலையை ஒரு பக்கம் திருப்பினால் கழுத்தில் புடைத்துத் தெரிவது அதுதான். மண்டையின் அடியிலிருந்து புறப்படும் பதினோராவது நரம்பு, சிரையை உரசி, இந்தத் தசைக்குள் புகுந்து வெளிவந்து, தோளின் பின்புறத் தசையான ட்ரப்பீசியஸில் போய் முடிகிறது. மிக மெல்லிய நரம்பு. ஆனால் தோளைத் தூக்கிப் பிடித்திருப்பது அதுதான்.

சிரை, தசை, நரம்பு. வாசகர்கள் இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இவற்றைச் சுற்றிலும் நிணநீர் முடிச்சுகள் மண்டிக் கிடக்கின்றன. "நெறி கட்டியிருக்கு" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த நெறிகள்தான். கழுத்தில் மட்டும் ஏறக்குறைய 300 இருக்கும். நாக்கிலும் கன்னத்திலும் தொண்டையிலும் குரல்வளையிலும் பிறக்கும் புற்று, உடலின் வேறு மூலைகளுக்குப் போவதற்கு முன் பெரும்பாலும் இங்கேதான் தங்குகிறது.

ஆகவே சர்ஜன் முன் இரண்டு கேள்விகள். எவ்வளவு எடுப்பது? எப்போது எடுப்பது? முதல் கேள்விக்கு விடை தேடவே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்த விடை மாறிய பிறகுதான் இரண்டாவது கேள்வியைத் துணிந்து கேட்க முடிந்தது.

கைவிடப்பட்ட கழுத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கழுத்தில் நெறி கட்டிவிட்ட வாய்ப்புற்று என்றால் மருத்துவர் கையைக் கழுவிவிடுவார். ஹைடல்பெர்க் சர்ஜன் மாக்ஸிமிலியன் செலியுஸ், வாயிலுள்ள கட்டி தாடையடிச் சுரப்பிவரை வந்துவிட்டால் அதை முழுமையாக எடுப்பது ஆகாத காரியம் என்றே எழுதினார். அவருடைய பாடநூல் 1847-ல் ஆங்கிலத்திலும் வந்தது. மயக்க மருந்து அப்போதுதான் பிறந்திருந்தது; கிருமி நாசம் என்ற எண்ணமே பிறந்திருக்கவில்லை. அந்த நாளில் அவர் சொன்னது நியாயம்தான்.

1880-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடோர் கோக்கர் நாக்குப் புற்றை எடுக்கத் தாடைக்குக் கீழே திறந்து உள்ளே போனார். போகிற வழியில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார். தைராய்டு ஆய்வுக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்ற அதே கோக்கர்தான். லண்டனில் ஹென்றி பட்லின் இன்னொன்றைக் கண்டார்: நாக்கிலிருந்த புற்றை அவர் நன்றாகவே எடுத்துவிடுவார், நோயாளி சில மாதங்களில் கழுத்துக் கட்டியோடு திரும்பி வருவார். நெறி தட்டுப்படாவிட்டாலும் அவற்றை எடுத்துவிடலாமே என்ற யோசனை 1900 வாக்கில் அவரிடம் உறுதிப்பட்டது. நம் இரண்டாவது கேள்வியின் முதல் குரல் அது. அன்று அது எடுபடவில்லை.

இதற்கிடையே, ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த வார்சாவில் 1888-ல் ஃபிரான்சிஷெக் யாவ்டின்ஸ்கி என்ற சர்ஜன், கழுத்துப் புற்றைப் பொதுக் கேரோடிட் தமனியோடும் உள் கழுத்துச் சிரையோடும் சேர்த்து எடுத்து, நோயாளியைப் பிழைக்கவும் வைத்தார். "கெசெட்டா லெகார்ஸ்கா" என்ற போலிஷ் மருத்துவ இதழில் அதை விவரமாக எழுதினார். போலிஷ் அறியாத மருத்துவ உலகம் அதைப் படிக்கவேயில்லை. நூறாண்டுக்குப் பின், 1990-ல், இன்னொரு போலந்து சர்ஜன் அமெரிக்க இதழொன்றில் எடுத்துச் சொன்ன பிறகே யாவ்டின்ஸ்கிக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது.

கிளீவ்லாந்தின் 132 அறுவைகள்

அதுவரை அந்த இடம் ஒருவருக்கே உரியதாக இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் கிரைல், கிளீவ்லாந்து. 1906 டிசம்பர் 1 அன்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 132 அறுவைகளின் அனுபவம். கட்டுரையின் அடித்தளம் ஒரு பிரேதப் பரிசோதனைக் கணக்கு. தலை, கழுத்துப் புற்றால் இறந்தவர்கள் பற்றி அதுவரை பதிவான ஏறக்குறைய 4,500 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நுரையீரல், கல்லீரல் போன்ற தொலைவிடங்களில் புற்று இருந்தது 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான். அப்படியானால் நோய் கழுத்தோடு நிற்கிறது. கழுத்தை ஒட்டுமொத்தமாகத் துப்புரவு செய்தால் ஆள் பிழைப்பார். ஹால்ஸ்டெட் மார்புக்குச் சொன்ன தர்க்கம் கழுத்துக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தியது.

அறுவையை அவர் செய்த விதம் இது. நோயாளியின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்படும். இரத்த அழுத்தம் சரிந்துவிடாமலிருக்கக் காற்றடைத்த ரப்பர் உடை ஒன்றை அவருக்கு மாட்டுவார்கள். அதிர்ச்சி நிலையை ஆராய்ந்து வந்த கிரைல் தாமே வடிவமைத்த உடை அது. இரத்தப் போக்கைக் குறைக்கக் கேரோடிட் தமனியைத் தற்காலிகமாக இறுக்கி வைப்பார். பிறகு கீழேயிருந்து தொடங்குவார். காறை எலும்புக்கு மேலே பட்டைத் தசையை வெட்டுவார். சிரையின் அடியைக் கட்டித் துண்டிப்பார். தசை, சிரை, கொழுப்பு, நெறிகள் எல்லாவற்றையும் ஒரே பாளமாகக் கீழிருந்து மேலாகத் தாடைவரை உரித்துக்கொண்டே போவார். நெறியைத் தனித்தனியாகக் கிள்ளி எடுக்கக் கூடாது. கிள்ளினால் புற்று சிதறும் என்பது அவர் எச்சரிக்கை.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படி முழுமையாகச் செய்துகொண்டு மூன்றாண்டு கடந்த 12 பேரில் 9 பேர் உயிரோடிருந்தார்கள். குறைவாகச் செய்துகொண்ட 48 பேரில் உயிரோடிருந்தவர்களும் 9 பேர்தான். இன்றைய கண்ணுக்கு 12 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இரு கூட்டத்தினரும் ஒரே நிலை நோயாளிகள்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் செலியுஸ் கைவிட்ட இடத்தில் கிரைல் மனிதர்களைப் பிழைக்க வைத்தார். அதை எந்தக் கணக்காலும் சிறுமைப்படுத்த முடியாது.

மார்ட்டினின் தீர்ப்பு

அறுவை பரவவில்லை, குறுக்கே ரேடியம் வந்தது. கத்தியின்றிப் புற்றைக் கரைக்கும் மாயப்பொருளென்று இரண்டு தலைமுறை மருத்துவர்கள் அதை நம்பினார்கள். கழுத்து நெறிகள் அந்த நம்பிக்கைக்கு ஈடு கொடுக்கவில்லை. 1940களில் பெனிசிலின், இரத்த வங்கி, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தித் தரும் மயக்க மருந்து மூன்றும் ஒன்றாகக் கைக்கு வந்தன. நான்கைந்து மணி நேர அறுவை சாத்தியமாயிற்று. கிரைலின் அறுவை மறுபிறவி எடுத்தது.

அதற்கு உயிர் கொடுத்தவர் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஹேஸ் மார்ட்டின். அயோவா மாநிலத்துக்காரர், தலை, கழுத்து அறுவையைத் தனித்துறையாக்கியவர்களில் முதல்வர். 1951-ல் "கேன்சர்" இதழில் அவரும் உடனாளிகளும் எழுதிய கட்டுரை ஏறக்குறைய 60 பக்கம். பின்னணியில் 1,450 அறுவைகள். தோலில் எங்கே கோடு போடுவது, எந்த இரத்தக் குழாயை எப்போது கட்டுவது என்று ஒவ்வொரு அசைவும் அதில் வரையறுக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகமெங்கும் பயிற்சி மருத்துவர்கள் அதைப் பார்த்தே கழுத்தைத் திறந்தார்கள்.

அந்தக் கட்டுரையில் நம் மூன்றுக்கும் தீர்ப்பு எழுதப்பட்டது. சிரை போக வேண்டும், தசை போக வேண்டும், நரம்பும் போக வேண்டும். பதினோராவது நரம்பைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பும் எந்த முறையும் கண்டிக்கத்தக்கது என்று மார்ட்டின் அழுத்தமாகவே எழுதினார். அவர் தரப்பிலும் காரணம் உண்டு. நரம்பு போகும் வழியெல்லாம் நெறிகள் இருக்கின்றன. நரம்பை விட்டால் நெறியும் தங்கும், நெறி தங்கினால் ஆள் தங்கமாட்டார்.

விலை என்ன? நரம்பு போனால் ட்ரப்பீசியஸ் சூம்பும். தோள் கீழே தொங்கி முன்பக்கம் சாயும். கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க முடியாது. தலை வாருவது, கொடியில் துணி போடுவது, மேல்தட்டிலிருந்து டப்பா எடுப்பது எல்லாம் போராட்டம். இரவில் தோளில் ஓயாத வலி. மார்ட்டின் இதை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1952-ல், அறுவை முடித்த 100 பேரை அவரும் அவரோடிருந்த ஒருவரும் ஆராய்ந்து, அவர்களுக்கு நேர்ந்த இயலாமை பற்றி எழுதினார்கள். 1961-ல் வேறு மருத்துவர்கள் இதைத் தனி நோய்க்குறித் தொகுப்பாகவே வரையறுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்தால் இரு சிரைகளும் போய் முகம் ஊதிப்போகும்; மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அதனால் இடைவெளி விட்டே மறுபக்கத்தைத் தொட்டார்கள்.

தோலும் சொன்னபடி கேட்கவில்லை. கழுத்தை அகலமாகத் திறக்க முச்சந்தி போலக் கோடுகளைச் சந்திக்கவிட்டுத்தான் கீறினார்கள். ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய தோலில் அந்தச் சந்திப்பு ஆறாமல் பிரிந்துகொள்ளும். அதன் நேர் அடியில் கேரோடிட். தமனி வெளியே தெரிந்து, காய்ந்து, வெடித்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 1960-ல் வில்லியம் மெக்ஃபீ எளிய வழியொன்று சொன்னார். தாடைக்குக் கீழே ஒன்று, காறை எலும்புக்கு மேலே ஒன்று என இரண்டே கிடைக்கோடுகள். நடுவிலுள்ள தோல் பாலம்போல அப்படியே நிற்கும். சர்ஜனுக்கு அந்தப் பாலத்தின் அடியில் குனிந்து வேலை செய்வது சிரமம். ஆனால் தமனியின் மேல் சந்திப்பே இல்லை.

இவ்வளவு பெரிய விலைக்கு ஓர் உடன்விளைவு இருந்தது. நெறி எதுவும் தட்டுப்படாத நோயாளிக்கு, வரலாம் என்ற சந்தேகத்தின் பேரில், இந்த அறுவையைச் செய்வதா? மார்ட்டினே வேண்டாம் என்றார். அதே 1951-ல் முன்தடுப்புக் கழுத்து அறுவைக்கு எதிராகத் தனிக் கட்டுரை எழுதினார். தோளைப் பறிக்கும் அறுவையைத் தேவைப்படாதவருக்கும் செய்ய எந்த மருத்துவருக்குத்தான் மனம் வரும்? பட்லினின் கேள்வி இப்படித்தான் அலமாரிக்குள் போயிற்று.

கோர்தோபாவின் உடற்கூறியலாளர்

மார்ட்டினின் வாதத்தில் ஓட்டை எங்கே என்பதைக் கண்டவர் அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரிலிருந்த ஒஸ்வால்டோ சுவாரெஸ். காது-மூக்கு-தொண்டை சர்ஜன், அதோடு பிணவறுப்புக் கூடத்தில் நாட்களைக் கழித்த உடற்கூறியலாளர். கழுத்தை அவர் தசை, நரம்பு என்று பிரித்துப் பார்க்கவில்லை. அவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகளைப் பார்த்தார். கழுத்தின் ஒவ்வொரு தசைக்கும் ஒவ்வொரு பெருங்குழாய்க்கும் தனிச் சவ்வுறை உண்டு. நெறிகளும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் இந்த உறைகளுக்கு வெளியேதான் இருக்கின்றன. தசைக்குள்ளோ சிரைக்குள்ளோ இல்லை. புற்று நெறியின் ஓட்டை உடைத்து வெளியேறாதவரை, தலையணையை எறியாமல் உறையை மட்டும் உருவி எடுப்பதுபோல, சவ்வைத் தசையிலிருந்தும் சிரையிலிருந்தும் சுற்றிலும் உரித்துவிட்டால் நெறிகள் மொத்தமும் அதோடு வந்துவிடும். நரம்பையும் அதன் பாதையிலிருந்து விடுவித்துத் தள்ளி வைக்கலாம். சிரை, தசை, நரம்பு மூன்றும் நிற்கும்.

இது மார்ட்டினின் அறுவையைக் கொஞ்சம் தளர்த்திச் செய்ததல்ல. சமரசம் என்றால் எதையோ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். சுவாரெஸ் நெறியில் ஒன்றைக்கூட விடவில்லை. எடுக்கத் தேவையில்லாதது எது என்பதை உடற்கூறிலிருந்து காட்டினார், அவ்வளவுதான்.

1963-ல் அவர் இதைச் சிலி நாட்டின் சாந்தியாகோவிலிருந்து வரும் ஸ்பானிய மருத்துவ இதழில் எழுதினார். யாவ்டின்ஸ்கிக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்திருக்கும். காப்பாற்றியவர்கள் இருவர். மிலானின் எட்டோரே போக்காவும் மாட்ரிட்டின் சேசார் கவிலானும் சுவாரெஸிடமிருந்து முறையைக் கற்றார்கள். 1967-ல் போக்கா அதை ஆங்கிலத்தில் எழுதினார். 1984-ல் 843 பேரின் பலன்களோடு மறுபடி எழுதினார்: தக்க நோயாளிகளில், எல்லாவற்றையும் எடுத்தபோது கிடைத்த பலனே அந்த மூன்றையும் விட்டுவைத்தபோதும் கிடைத்தது. கண்டுபிடிப்பு போக்காவுடையது என்றே ஆங்கில உலகம் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. சுவாரெஸின் பெயர் உரிய இடத்துக்கு வர இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

கிளீவ்லாந்திலும் ஒரு திருப்பம். கிரைலின் மகன் ஜார்ஜ் கிரைல் ஜூனியர் தந்தையின் மருத்துவமனையிலேயே சர்ஜனானார். ஹால்ஸ்டெட் பாணி மார்பக அறுவை தேவைக்கு மிஞ்சியது என்று 1950களிலிருந்து வெளிப்படையாகப் பேசி, சக மருத்துவர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தான்.

கழுத்துக்கு ஒரு வரைபடம்

மூன்றையும் விட்டுவைக்கலாம் என்றான பின் அடுத்த படி: நெறிகளையே எல்லாம் எடுக்க வேண்டுமா?

1972-ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கதிர்வீச்சு மருத்துவர் ராபர்ட் லிண்ட்பெர்க் 2,044 நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டி, புற்று பிறந்த இடத்துக்கும் நெறி கட்டிய இடத்துக்கும் உள்ள உறவை வரைந்தார். புற்று கண்டபடி அலைவதில்லை. பிறந்த இடத்தைப் பொறுத்து அதற்கென்று வழக்கமான தடம் உண்டு. மெமோரியல் மருத்துவமனையில் கழுத்தை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். தாடையடி ஒன்று; சிரையை ஒட்டி மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று, நான்கு; பின்கழுத்து முக்கோணம் ஐந்து. 1990-ல் அதே மருத்துவமனையின் ஜதின் ஷா, 1,119 முழுக் கழுத்து அறுவைகளில் எடுக்கப்பட்ட நெறிகளை மண்டலவாரியாகக் கணக்கெடுத்தார். பரோடாவில் மருத்துவம் படித்துப் போனவர். வாய்ப்புற்று ஒன்று, இரண்டு, மூன்றில் தங்குகிறது; குரல்வளைப் புற்று இரண்டு, மூன்று, நான்கில். நெறி கையில் தட்டுப்படாத வாய்ப்புற்று நோயாளிக்கு ஐந்தாம் மண்டலத்தில் புற்று இருப்பது அரிது. பதினோராவது நரம்பு நீண்ட தூரம் ஓடுவது அந்த ஐந்தாம் மண்டலத்தில்தான்.

மார்ட்டினின் மாணவர் பரம்பரை மார்ட்டின் பாணியிலேயே வெட்டி எடுத்து வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கழுத்துகளே, இனி அப்படி வெட்ட வேண்டாம் என்பதற்குச் சாட்சியாயின. 1991-ல் அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை அகாதமி, கே. தாமஸ் ராபின்ஸ் தலைமையில், இந்த அறுவைகளை முழுமையானது, மாற்றியமைத்தது, தேர்ந்தெடுத்தது, விரித்தது என்று வகைப்படுத்திப் பெயரிட்டது. ஊருக்கு ஒரு பெயரில் நடந்த அறுவைகளை அதன் பிறகே ஒப்பிட முடிந்தது.

நெய்யூரிலிருந்து பரேல்வரை

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு விடை சொல்லும் தகுதி யாரைவிடவும் இந்தியாவுக்கு இருந்தது. துயரமான தகுதி அது. கிரைலின் கட்டுரை வந்து இரண்டே ஆண்டில், 1908-ல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இன்னொரு தொகுப்பு வெளியானது. தென் திருவிதாங்கூரின், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின், நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலிருந்து பென்டால் என்ற மருத்துவர் எழுதியது. 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றியது. 1933-ல் அதே வட்டாரத்திலிருந்து இயான் ஓர், வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைச் சவைப்புக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை "லான்செட்" இதழில் எழுதினார். வாயில் புற்று, கழுத்தில் நெறி என்று வருபவர்களின் வரிசை இந்த நாட்டில் அன்றும் நீளம், இன்றும் நீளம்.

ஆரம்பக்கட்ட வாய்ப்புற்று, கழுத்தில் நெறி இல்லை. வாயை மட்டும் அறுத்துவிட்டு, கழுத்தைக் கவனித்துக்கொண்டிருந்து, நெறி வந்தால் எடுப்பதா? இல்லை, முதல் அறுவையிலேயே கழுத்தையும் திறந்துவிடுவதா? 1980-ல் பாரிஸ் அருகே 75 பேரிடமும், 1989-ல் மும்பை பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் 70 பேரிடமும் சோதித்துப் பார்த்தார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தில் தெளிவான விடை கிடைக்காது, கிடைக்கவுமில்லை. 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணித மாதிரி ஒன்று போட்டு, மறைந்திருக்கும் புற்றின் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் போனால் கழுத்தைத் தொடலாம் என்றார்கள். சர்ஜன்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

டாட்டா நினைவு மருத்துவமனை மறுபடி இறங்கியது. அனில் டிக்ரூஸ் தலைமையில் 2004-ல் தொடங்கிய ஆய்வு 2014-ல் நிறுத்தப்பட்டது. சேர்ந்தவர்கள் 596 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனடிக் கழுத்து அறுவை, மறுபாதிக்குக் காத்திருப்பு. முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்ததுமே கண்காணிப்புக் குழு போதும் என்றுவிட்டது. மூன்றாண்டு முடிவில் உடனே கழுத்தைத் திறந்தவர்களில் 80 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். எட்டுப் பேருக்கு முன்கூட்டியே செய்தால் ஓர் உயிர் மிஞ்சும். காத்திருந்தவர்களை மருத்துவர்கள் கைவிட்டுவிடவில்லை. முறையாக வரவழைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியும், நெறி விரலுக்குத் தட்டுப்பட்டபோது அது பலரிடம் முற்றிப்போயிருந்தது. 2015 மே மாத இறுதியில் சிகாகோவில், அமெரிக்கப் புற்று மருத்துவச் சங்க மாநாட்டின் முதன்மை அரங்கில் டிக்ரூஸ் இதை வாசித்தார். பல நாடுகளின் சிகிச்சை நெறிமுறைகள் அதையொட்டி உறுதிப்பட்டன.

பட்லின் கேட்டதற்கு 115 ஆண்டு கழித்து விடை கிடைத்தது. விடை அவர் பக்கம்தான். ஆனால் அவர் சொன்னபோது மருத்துவ உலகம் தயங்கியது தவறென்று சொல்லிவிட முடியாது. பரேலில் அந்த நோயாளிகளுக்குச் செய்த அறுவை கிரைலுடையதுமல்ல, மார்ட்டினுடையதுமல்ல. மூன்று மண்டல நெறிகளை மட்டும் எடுத்து, சிரையையும் தசையையும் நரம்பையும் விட்டுவைக்கும் சிறிய அறுவை. கன்னத்தில் காசளவு புண்ணோடு வரும் நாற்பது வயதுக்காரரிடம், "கழுத்தையும் இப்போதே பார்த்துவிடுவோம்" என்று மருத்துவர் கூசாமல் சொல்ல முடிகிறதென்றால், அவருடைய தோளைப் பறிக்கப்போவதில்லை என்பதால்தான். அறுவை சிறுத்ததால் முந்திச் செய்ய முடிந்தது. முந்திச் செய்ததால் உயிர் மிஞ்சியது. பெரிதாகச் செய்வதே துணிவு என்று ஹால்ஸ்டெட் காலத்தில் படிந்த எண்ணத்துக்கு, கழுத்து தந்த மறுப்பு இது.

குறைக்கும் வேலை இன்னும் ஓயவில்லை. புற்றைச் சுற்றி மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் காவல் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பது. அதில் புற்று இல்லையென்றால் மீதிக் கழுத்தைத் தொடாமலே விடுவது. தோல் புற்றிலும் மார்பகப் புற்றிலும் முன்பே கைகண்ட முறை. 2020-ல் பிரான்சும் 2021-ல் ஜப்பானும் வெளியிட்ட ஆய்வுகள், வாய்ப்புற்றிலும் இது மண்டல அறுவைக்குச் சளைத்ததல்ல என்று காட்டின. அதற்கான கதிரியக்க வசதியும் நோய்க்கூறியல் நிபுணர்களும் எல்லா ஊர்களிலும் இல்லை என்பதால் நம்மிடம் இன்னும் பரவலாகவில்லை.

கழுத்தின் கணக்கு ஒருவாறு முடிந்தது. வாயில் வெட்டி எடுத்த இடம் அப்படியே இருக்கிறது: பாதி நாக்கு இல்லை, ஒரு பக்கத் தாடை இல்லை. அந்தப் பள்ளத்தை நெற்றித் தோலாலும், மார்புத் தோலாலும், கடைசியில் காலிலிருந்து கொண்டுவந்த எலும்பாலும் நிரப்பியவர்களின் கதை அடுத்த இதழில்.